குனிய இயலாத கழுத்து

இருபது ஆண்டுகளாகத் தரையில் அமர்ந்து, தலை கவிழ்ந்து, பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்து வருகிறோம். கழுத்து முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தவே, வலி தோளிலிருந்து விரல்நுனி வரை இறங்கியது. விரல்கள் மரத்துச் சுண்ணக்கட்டியும் நழுவியது. மருந்தும் இயன்முறைப் பயிற்சியும் பலன் தராத நிலையில் அறுவை சிகிச்சைக்கு இசைந்தோம்.

அல்ஹம்துலில்லாஹ், கைவலி தணிந்தது. ஆயினும் கழுத்துப் பட்டையோடு ஸுஜூது செய்ய இயலவில்லை. நெற்றி தரையைத் தொடாத தொழுகையும் தொழுகையாகுமா என்று உள்ளம் கலங்கியது. அப்போது, ஆண்டுதோறும் நாம் பாடம் நடத்தும் ஹதீஸே எமக்கு ஆறுதலாயிற்று. மூல நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களிடம், நின்று தொழுமாறும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறும் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. தலையசைக்கவும் இயலாதவர் இமைகளால் சைகை செய்யலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம்.

நிற்க முடிந்ததால் நின்றே ஓதினோம். ஸுஜூதுக்கு மட்டும் நாற்காலியில் அமர்ந்து, ருகூவைவிடச் சற்று அதிகமாக இடுப்பிலிருந்து சாய்ந்தோம். அன்புச் சகோதரர்களே, மருத்துவர் தடுத்திருக்க வலிந்து குனிவது இபாதத்தை உயர்த்திவிடாது. சலுகையும் அல்லாஹ்வின் கொடையே. அதை நன்றியோடு ஏற்போம். நோயுற்றோர் அனைவருக்கும் அவன் பூரண ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன்.