தோளில் விழும் உதை

ஃபிரெடரிக் செலூஸின் ஆப்பிரிக்க வேட்டை நினைவுகளில் (1881) யானைகளைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது அவருடைய துப்பாக்கிதான். 1871-இல், பத்தொன்பது வயதில் ஆப்பிரிக்காவில் இறங்கிய அந்த ஆங்கிலேயர் யானை வேட்டைக்குக் கைக்கொண்டவை, நாலு போர் அளவுள்ள மலிவான வாத்துத் துப்பாக்கிகள். ஒரு பவுண்டு ஈயத்தை நான்காகப் பங்கிட்டு உருட்டினால் வரும் குண்டு, ஏறத்தாழ 113 கிராம், அதன் குழலுக்குள் போகும். வெடிமருந்தைத் தோல்பையிலிருந்து கையால் அள்ளிப் போடுவார்.

குண்டு முன்னே பாயும் வேகத்துக்கான கணக்கு தோளில்தான் தீர்க்கப்படுகிறது. துப்பாக்கி கனத்திருந்தால் உதை சற்று மெத்தென்று இறங்கும். ஆனால் யானையின் பின்னால் ஓடுகிறவன் எவ்வளவு கனத்தைத்தான் சுமப்பான்? கட்டையைத் தோளோடு இறுக்கி, உடம்பை உதையோடு பின்னே போகவிட வேண்டும் என்பார்கள். (ஓடி மூச்சிரைக்கும்போது அதற்கு நேரமேது!) ஒருமுறை தவறுதலாக இரட்டை மருந்து ஏறிவிட்ட துப்பாக்கி அவரையே தூக்கி எறிந்தது.

மூன்று பருவங்களில் 78 யானைகள் விழுந்தன. விலையாக அவர் தந்தது நரம்பின் உறுதியை. பிற்காலத்தில் இலேசான துப்பாக்கிகளை ஏந்தியபோதும் அந்தப் பழைய உதை தம் குறியைக் கெடுத்ததாக வருந்தியிருக்கிறார். விசையை விரல் தொடுமுன்பே தோள் சுருங்கிவிடும் போலும். யானைகளின் பக்கமே நின்று வாசித்துவந்த நான், அந்தப் பத்தியில் மட்டும் என்னையறியாமல் வலது தோளைத் தடவிக்கொண்டிருந்தேன்.