குப்பைக்கும் மூச்சு முட்டும்!

எங்கள் குடித்தனத்துக்கே ஆபத்து வந்தது, ஒரு குப்பைத் தொட்டியால்!

கொல்லைப்புற மல்லிகைக்கு உரமாகட்டுமே என்று காய்கறித் தோலையும் காப்பிச் சக்கையையும் மண் தொட்டியில் போட்டு, தினமும் தண்ணீர் தெளித்து, இறுக மூடி வைத்தேன். பத்தாம் நாள் வீட்டுக்கார மாமி மூக்கைப் பிடித்துக் கொண்டு வந்தார். "இந்த நாற்றம் போகணும், இல்லையானால் நீங்கள் காலி பண்ணணும்!"

கிராமத்திலிருந்து வந்திருந்த என் அத்தை தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்துச் சிரித்தாள். "ஏண்டி, குப்பைக்கும் மூச்சு முட்டாதா?"

காற்றில்லாத ஈரம்தான் நாற்றத்துக்குக் காரணமாம். தொட்டியைச் சுற்றித் துளை போட்டோம். ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு மூன்று பங்கு காய்ந்த சருகு. வாரம் ஒரு தரம் கிளற வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை ஈரமாகலாம், தண்ணீர் சொட்டக் கூடாது. 1924 முதல் 1931 வரை இந்தூரில் எரு ஆராய்ச்சி செய்த ஆல்பர்ட் ஹோவர்ட் சொன்னதும் ஏறக்குறைய இதுவேதான். அத்தை அவர் பெயரைக் கேட்டதே இல்லை!

நாற்றம் ஒரு வாரத்தில் போயிற்று. மூன்று மாதத்தில் தொட்டி நிறையக் கறுப்புத் தூள். புது மழை பெய்த மண் மாதிரி வாசனை.

நேற்று மாமி ஒரு பழைய சட்டியுடன் வந்து நின்றார். "என் துளசிக்குக் கொஞ்சம் கொடேன்."

அரைச் சட்டிதான் கொடுத்தேன்.