தம்பிக்கு ஒரு கார்

எங்கட வீட்டில் கடந்த மூன்று மாதமாக ஒரே பேச்சுத்தான். தம்பிக்கு என்ன கார் எடுப்பது?

அவனுக்கு 19 வயது. போன வருஷம் லைசன்ஸ் எடுத்துவிட்டான். முதலில் அவன் கேட்டது பைக். உம்மா அந்தச் சொல்லைக் கேட்கவே தயாரில்லை. மாமாட மகன் பேஸ்லைன் றோட்டில் பைக்கோடு விழுந்து எட்டு மாதம் படுக்கையில் கிடந்ததை அவ தினமும் போய்ப் பார்த்தவ. இலங்கையில் ஒவ்வொரு வருஷமும் றோட்டில் இரண்டாயிரம் பேருக்கு மேல் சாகிறார்கள். அதில் பைக்காரர்களின் பங்குதான் பெரிது. உம்மாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது, ஆனால் முடிவு சரி. "பைக் வாணாம், சின்னக் காரொன்று பாப்பம்" என்று பேச்சு அப்படித் தொடங்கியது.

சின்னக் கார் என்பது இந்த ஊரில் சின்ன விஷயம் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருஷமும் புதுசு எதுவும் வரவில்லை, இருந்த பழசெல்லாம் விலை ஏறியது. தடை வரும்போது தம்பிக்கு 14 வயது. அவன் ஓ லெவல், ஏ லெவல் எல்லாம் முடித்து வரும்போது, அவன் சின்ன வயதில் பார்த்த அதே கார்கள்தான் இன்னும் விற்பனைக்கு நிற்கின்றன, வேறு விலையில். தடை போன பிறகு வருகிற கார்கள் வரியோடு சேர்த்தால் எங்கட கணக்குக்குள் வராது. வாப்பாவிடம் இருந்தது 18 இலட்சம்.

வாப்பா பஞ்சிகாவத்தையில் ஒரு ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் 22 வருஷமாக வேலை செய்கிறார். மாளிகாவத்தையில் இருந்து நடந்து போகிற தூரம். கொழும்பில் எந்தக் கார் உடைந்தாலும் அதன் பாகம் தேடி கடைசியில் அங்கேதான் வருவார்கள். அதனால் வாப்பாவின் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "பார்ட்ஸ் ஈக்குதா?" அவர் காட்டிய முதல் கார் மாருதி 800. 796 சிசி என்ஜின், பெட்ரோல் குறைவாகக் குடிக்கும், எந்த பாஸும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார். 2022இல் கியூஆர் காட்டி வாரத்துக்கு 20 லீட்டர் அடித்த காலத்தை மறக்காத வீட்டுக்கு இது பெரிய காரணம். தம்பிக்கும் சந்தோஷம். சவுண்ட் செட், அலோய் வீல் எல்லாம் அவன் மனசில் பூட்டி முடித்துவிட்டான்.

நான்தான் குறுக்கே நின்றேன்.

மாருதி 800இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுபோனது. அதே மாதம் குளோபல் என்கெப் என்ற அமைப்பு, இந்தியாவில் விற்கிற ஐந்து சின்னக் கார்களை மோதவிட்டுப் பார்த்த முடிவை வெளியிட்டது. அதில் மாருதியின் ஓல்ட்டோ 800உம் இருந்தது, டாட்டா நானோவும் இருந்தது. எயார்பேக் இல்லாத அந்த மாடல்கள் ஐந்துக்கும், பெரியவர்களுக்கான பாதுகாப்பில் கிடைத்தது பூச்சியம் நட்சத்திரம். மோதிய வேகம் மணிக்கு 64 கிலோமீற்றர். பேஸ்லைன் றோட்டில் இரவு பத்து மணிக்கு அது ஒரு வேகமே இல்லை. ஓல்ட்டோவுக்கே அந்த நிலை என்றால், அதுக்கு முந்திய தலைமுறைக் காரில் நம்பி ஏற்றுவதற்கு என்ன இருக்கு?

வாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே சொல்லத் தொடங்கினார். கடைக்கு வருகிற அடிபட்ட கார்களில் சிலதின் முன்பக்கம் மட்டும் நசுங்கியிருக்கும், சிலதில் ஸ்டீயரிங் சீட் வரைக்கும் வந்திருக்கும். "ஓட்டினவன் என்ன ஆனான்டு நாங்க கேக்கிறல்ல மகள்" என்றார். இவ்வளவு வருஷத்தில் அவர் இதைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை.

அன்றிலிருந்து கார் பார்ப்பது எப்படி என்று அவரே எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லித்தந்தார். நீங்களும் வீட்டில் இந்தப் பேச்சு நடத்துகிற ஆள் என்றால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பினதும் டேஷ்போர்டில் எயார்பேக் லைட் எரிந்து, சில விநாடியில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் கோளாறு. எரியவே இல்லை என்றால் இன்னும் மோசம், ஒருமுறை அடிபட்டு எயார்பேக் வெடித்த காரில் லைட்டின் வயரை வெட்டிவிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். டகாட்டா நிறுவனத்தின் எயார்பேக் உள்ள ஜப்பான் கார் என்றால் இன்னொரு சிக்கல். வெக்கையிலும் ஈரப்பதத்திலும் வருஷக்கணக்கில் கிடந்தால் அதன் இன்ஃப்ளேட்டர் கெட்டுப்போய், வெடிக்கும்போது உலோகத் துண்டுகளை வீசும். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கார்களைத் திருப்பி அழைத்தார்கள், அந்த நிறுவனமும் 2017இல் வங்குரோத்தானது. வெக்கையும் ஈரமும் கொழும்பில் எவ்வளவு என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே சேசி நம்பரை வைத்து அந்தக் கார் திருப்பி அழைக்கப்பட்டதா, பாகம் மாற்றப்பட்டதா என்று பார்க்க வேண்டும். சீட் பெல்ட்டைச் சடாரென்று இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும். ஏபிஎஸ் இருந்தால் நல்லது. இதெல்லாம் பார்த்த பிறகுதான் நிறம்.

கார் மட்டும் போதாது என்பதும் இந்தப் பேச்சில்தான் வந்தது. புதுசாக ஓட்டுகிற இளம் பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுவது இரண்டு நேரத்தில்: இரவில் ஓட்டும்போதும், கூட்டாளிமாரை ஏற்றிக்கொண்டு போகும்போதும். பல நாடுகளில் செய்த ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. சில நாடுகளில் இதற்காகவே புது லைசன்ஸ்காரருக்குக் கட்டுப்பாடும் உண்டு. இங்கே அப்படி இல்லாததால் வீட்டுக்குள் ஒரு சட்டம் போட்டோம். முதல் ஆறு மாதம் கூட்டாளிமார் இல்லை, இரவு ஒன்பதுக்குப் பிறகு தனியாக இல்லை. கெத்தாராமையில் மேட்ச் நடக்கிற நாளில் கார் வெளியே எடுப்பதே இல்லை, அது பாதுகாப்புக்காக அல்ல, திரும்பி வந்தால் நிறுத்த இடம் இருக்காது.

தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டான், "ராத்தா, இது எனக்கு எடுக்கிற காரா, ஒனக்கு எடுக்கிற காரா?"

நல்ல கேள்வி. எனக்கும் லைசன்ஸ் இருக்கிறது, அவனுக்கு இரண்டு வருஷம் முன்பே எடுத்தது. நான் லைசன்ஸ் எடுத்தபோது வீட்டில் ஒருவரும் கார் பற்றிப் பேசவில்லை. கம்பஸுக்கு பஸ் இருக்கு, கூட்டிக்கொண்டு வர ஆள் இருக்கு, என்னத்துக்குக் கார் என்பதுபோல. அவன் எடுத்ததும் சேமிப்புப் புத்தகம் வெளியே வந்தது. இதை நான் சண்டையாகச் சொல்லவில்லை, அன்றைக்குச் சாப்பிடும்போது அப்படியே சொன்னேன். உம்மா ஆணத்தைக் கிண்டிக்கொண்டே, "அவள் சொல்றதும் சரிதானே" என்றா. வாப்பா ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு எயார்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள பழைய ஜப்பான் கார் ஒன்றுக்கு இன்னும் ஆறு, ஏழு இலட்சம் தேவை. லீசிங் போட வாப்பாவுக்கு விருப்பமில்லை. நான் பின்னேரம் இரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுக்கிறேன், தம்பியும் வேலை தேடுகிறான். இன்ஷா அல்லாஹ் அடுத்த வருஷம் நடுவில் எடுக்கலாம். அதுவரைக்கும் ஞாயிறு காலையில் வாப்பாவின் கூட்டாளி ஒருவரின் காரில் நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டிப் பழகுகிறோம்.

கார் யார் பெயரில் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. நான் விடப்போவதில்லை.