மூணு ஜோடி பூட்ஸும் ஒரு மானும்

புதுப் பனி விழுந்த காடு ஒரு நியூஸ்பேப்பர் மாதிரி. ராத்திரி முழுக்க அச்சாகி, விடியறதுக்குள்ள டெலிவரி ஆகியிருக்கும். எந்த முயல் எங்கே ஓடுச்சு, எந்த நரி யாரைத் துரத்துச்சு, எந்த மான் எங்கே படுத்துத் தூங்குச்சு... எல்லாம் அதில் வந்திருக்கும். என்ன ஒண்ணு, எழுத்து தெரிஞ்சவங்களுக்குத்தான் செய்தி. நமக்கெல்லாம் வெறும் வெள்ளைப் பேப்பர்!

'நமக்கெல்லாம்'னு சொல்றது ஒரு விருதுநகர்ப் பொண்ணு. எங்க ஊர்ல வெயிலுக்குப் பஞ்சமே கிடையாது. ஐஸ்னா எனக்குத் தெரிஞ்சது சேமியா ஐஸும் பால் ஐஸும்தான். அப்படிப்பட்ட நான் எம்.எஸ். படிக்க வந்து சேர்ந்தது அமெரிக்காவோட வடகிழக்கு மூலையில் இருக்கிற வெர்மான்ட் மாநிலம். நவம்பர்ல ஆரம்பிக்கிற பனி, ஏப்ரல்ல கூட எட்டிப் பார்க்கும்.

என் ரூம்மேட் இந்த மண்ணின் மகள். அவளோட தாத்தாவுக்கு 76 வயசு. மரம் வெட்டுற வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். மாநிலத்தின் வடகோடியில், 'வடகிழக்கு ராஜ்ஜியம்'னு கெத்தாப் பேர் வச்சிருக்கிற காட்டுப் பகுதியில் வீடு. போன நவம்பர் தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு என்னையும் அங்கே கூட்டிட்டுப் போனா. "சனிக்கிழமை தாத்தாவோட மான் தடம் பார்க்கப் போறேன். வர்றியா?"ன்னு கேட்டா. சரின்னுட்டேன்.

"மான் வேட்டையா? உள்ளே தள்ளிடுவாங்களே!"ன்னு நீங்க பதறுறது கேட்குது. நானும் அப்படித்தான் பதறினேன். நம்ம நாட்டில் 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படி. இங்கே கதை வேற. 19-ம் நூற்றாண்டில் ஆடு வளர்க்கவும் விவசாயம் பண்ணவும் காட்டை மொட்டையடிச்சதில், வெர்மான்ட்டில் மான் இனமே ஏறத்தாழ காலி. 1878-ல் பக்கத்து மாநிலமான நியூயார்க்கில் இருந்து 17 மான்களைக் கொண்டுவந்து விட்டாங்க. தடையெல்லாம் போட்டுக் காப்பாத்தி, 1897-ல்தான் திரும்ப வேட்டைக்கு அனுமதி. இன்னைக்கு மாநிலத்தில் முக்கால்வாசி மறுபடியும் காடு. மான்கள் ஒரு லட்சத்துக்கும் மேல. அதைத் தின்ன ஓநாய்தான் இல்லை. அதனால லைசென்ஸ் எடுத்தவங்க, நவம்பரில் வர்ற 16 நாள் ரைஃபிள் சீசனில், கொம்பு வச்ச ஆண் மானை மட்டும் சுடலாம். நாங்க போனது அந்த சீசனோட கடைசி சனிக்கிழமை.

இன்னொரு விஷயம். தாத்தா வீட்டில் இது பொழுதுபோக்கு இல்லை. ஒரு நல்ல மான்னா முப்பது கிலோ கறி. குளிர்காலம் முழுக்க ஃப்ரீஸரில் இருக்கும். அந்த வருஷம் ஃப்ரீஸர் காலி. தாத்தாவோட ரெண்டு முழங்காலுக்கும் ஜனவரியில் ஆபரேஷன் தேதி குறிச்சாச்சு. அடுத்த நவம்பரில் அவர் மலை ஏறுவாரா, மாட்டாரான்னு யாருக்கும் தெரியாது. ஆனா வீட்டில் யாரும் அதைப் பத்திப் பேசலை. சாப்பாட்டு மேஜையில் எல்லாரும் ரொம்ப கவனமா வானிலை மட்டும் பேசினாங்க.

வெள்ளிக்கிழமை ராத்திரி அந்த வானிலை கை கொடுத்துச்சு. நாலு அங்குலம் பனி. விடிகாலை அஞ்சு மணிக்கு நின்னுச்சு. தாத்தா தூங்காம ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து, நின்ன நேரத்தைக் குறிச்சு வச்சிருந்தார். "எதுக்கு?"ன்னு கேட்டேன். "குளம்புக் குழிக்குள்ள பனி விழுந்து கிடந்தா அது அஞ்சு மணிக்கு முன்னாடி போன மான். குழி சுத்தமா இருந்தா அதுக்கு அப்புறம் போனது. கடிகாரம் இல்லாம தடத்தைப் படிக்க முடியாது"ன்னார். (தமிழாக்கம் அடியேன்!)

இங்கே பெரும்பாலான வேட்டைக்காரங்க ஒரு இடத்தில் உட்கார்ந்து மான் வரக் காத்திருப்பாங்க. தடம் பிடிச்சு நாள் முழுக்க நடக்கிறது வேற ரகம். வெர்மான்ட்டில் லாரி பெனாய்ட்னு ஒருத்தர் இருந்தார். 2013-ல் இறந்துட்டார். அவரும் அவரோட மகன்களும் பனியில் தடம் பார்த்தே அமெரிக்கா முழுக்கப் பேர் வாங்கினவங்க. நம்ம தாத்தா அந்த ஸ்கூல். சத்தம் போடாத கம்பளித் துணி, காம்பஸ், சாண்ட்விச், ஃபிளாஸ்க். எனக்கு மட்டும் பளீர் ஆரஞ்சு கோட்டு, ஆரஞ்சு தொப்பி. நடமாடும் பஞ்சுமிட்டாய்! "மான் பார்த்துடாதா?"ன்னேன். மானோட கண்ணுக்கு ஆரஞ்சு நிறம் மங்கலாத்தான் தெரியுமாம். மத்த வேட்டைக்காரங்க கண்ணுக்கு நல்லாத் தெரியணும், அதுதான் முக்கியமாம். வாயை மூடிக்கிட்டேன்.

ஏழரை மணிக்குக் கிடைச்சுது தடம். ரெண்டு பாதியாப் பிளந்த இதய வடிவம். எனக்கு அவ்வளவுதான் தெரிஞ்சுது. தாத்தா குனிஞ்சு பார்த்தார். அப்புறம் விரலால் பக்கத்தில் இருந்த பனியில் அதே ஆழத்துக்கு ஒரு குழி அழுத்தினார். ரெண்டையும் மாத்தி மாத்தித் தொட்டுப் பார்க்கச் சொன்னார். குளம்பு அமுக்கின பனி நேரம் ஆக ஆக இறுகும், உதிரி விளிம்பு கெட்டியாகும். இது இன்னும் பொலபொலன்னு இருந்துச்சு. "ஒரு மணி நேரம்கூட ஆகலை."

ஆணா, பெண்ணா? பெண் மான்தான்னா அதோட கதை முடிஞ்சுது, திரும்ப வேண்டியதுதான். நான் அவசரமா, "எவ்வளவு பெருசு! ஆண்தான்!"ன்னேன். தாத்தா சிரிச்சார். "பெருசாத் தெரியுதா, பெருசா இருக்கா? வெயில் பட்டு உருகின தடத்தில் குட்டி மான்கூட யானையாத் தெரியும். தடம் சொல்றதை மட்டும் நம்பு. நீ கேட்க ஆசைப்படுறதை அது சொல்லாது."

அப்புறம் சாட்சிகளை ஒண்ணொண்ணா சேர்த்தோம். தடம் அகலம், இடது காலுக்கும் வலது காலுக்கும் நடுவுல நல்ல இடைவெளி. காலைத் தூக்கி வைக்காம இழுத்து நடந்த கோடு. அதை மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாதாம், பனி ஆழமானா எல்லா மானும் இழுக்கும். கூடவே குட்டி எதுவும் நடக்கலை. அரைக் கிலோமீட்டர் தள்ளி, என் மணிக்கட்டைவிடத் தடிமனான ஒரு மரத்தில் கொம்பு தேய்ச்ச காயம். பட்டைத் துகள் பனிக்கு மேல சிதறிக் கிடந்துச்சு. அதாவது, தேய்ச்சது இன்னைக்குக் காலையில்தான்! ரூம்மேட் மெதுவா விசில் அடிக்கப் போய், தாத்தா முறைச்சதில் பாதியிலேயே முழுங்கினா.

நவம்பர் அவங்களுக்குக் காதல் மாசம். ஆண் மான் சரியாச் சாப்பிடாம, தூங்காம, ஜோடி தேடி நேர்கோட்டில் அலையும். (நம்ம காலேஜ் பசங்களை ஞாபகப்படுத்தினா நான் பொறுப்பில்லை!) நாங்களும் அது பின்னாடி ஓடை தாண்டி, விழுந்த மரம் தாண்டி, ஃபர் மரக் கூட்டத்துக்குள்ள தவழ்ந்து... மூணு மணி நேரம். இடையில் இன்னொரு புதுத் தடம் குறுக்கே வந்துச்சு. ரூம்மேட் அது பின்னாடி கொஞ்ச தூரம் போய்ப் பார்த்துட்டு வந்து, "குறுகலா இருக்கு, நம்ம ஆள் இல்லை"ன்னா. தாத்தா ஒண்ணும் சொல்லலை, ஆனா முகத்தில் ஒரு சந்தோஷம்.

பதினோரு மணிக்குத் தடம் வளைய ஆரம்பிச்சுது. நேராப் போனது அங்கே ஒரு கடி, இங்கே ஒரு கடின்னு கிளை நுனியை மேய்ஞ்சிருந்துச்சு. "படுக்க இடம் தேடுது"ன்னு தாத்தா கிசுகிசுத்தார். பத்தடிக்கு ஒரு தரம் நின்னு நின்னு போனோம். தடம் தூண்டில் முள் மாதிரி வளைஞ்சு, ஒரு மேட்டில் ஏறியிருந்துச்சு. அங்கே இருந்து பார்த்தா வந்த பாதை முழுக்கத் தெரியும். அங்கே ஓவல் வடிவத்தில் ஒரு பள்ளம். உடம்புச் சூட்டில் பனி உருகியிருந்துச்சு. அதில் இருந்து முதல் தாவல் நாலு மீட்டர் தள்ளி! நாங்க படிச்சுக்கிட்டிருந்த அதே நேரத்தில் அது எங்களைப் படிச்சிருக்கு.

அங்கே தாத்தா ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்தார். முழங்காலைப் பிடிச்சுக்கிட்ட விதத்திலேயே தெரிஞ்சுது, இனி மேல ஏற முடியாது. காபி ஊத்திக் கொடுத்தார். பேச்சை மாத்தவோ என்னவோ, "உங்க ஊர்ல தடம் பார்க்கிறவங்க உண்டா?"ன்னு கேட்டார். எனக்குச் சட்டுன்னு மாசி சடையன், வடிவேல் கோபால் ஞாபகம் வந்துச்சு. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள். ஃப்ளோரிடா சதுப்புக் காட்டில் பெருகிப்போன பர்மா மலைப்பாம்புகளைப் பிடிக்கத் திணறினப்போ, 2017-ல் அந்த மாநில வனவிலங்குத் துறை இவங்க ரெண்டு பேரையும்தான் வரவழைச்சுது. சில வாரத்திலேயே பத்துப் பன்னிரண்டுக்கும் மேல பிடிச்சுக் காட்டினாங்க. அதில் ஒண்ணு 16 அடி நீளம். 2023-ல் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ. சொல்லி முடிச்சதும் தாத்தா வாயைப் பிளந்து கேட்டார்: "பனியே இல்லாமலா?!"

அந்த நிமிஷம் எனக்கு இருந்த பெருமை இருக்கே... பி.இ. ரிசல்ட் அன்னைக்குக்கூட இல்லை.

அப்புறம் தாத்தா பேத்தியைப் பார்த்தார். "இனிமே நீ முன்னாடி. ரெண்டரை மணிக்குத் தடம் எங்கே இருந்தாலும் திரும்பிடணும். இருட்டுக்குள்ள வீடு." அவ்வளவுதான். ஆல் தி பெஸ்ட் கிடையாது, அட்வைஸ் கிடையாது. இத்தனை வருஷமா அவர் முதுகைப் பார்த்து நடந்தவ முன்னாடி போனா. அவ முதுகைப் பார்த்து நான்.

ரெண்டு மணி தாண்டினப்போ அவ சட்டுன்னு உறைஞ்சு நின்னா. நானும் நின்னேன். மரம், மரம், மரம்... அப்புறம் ஒரு காது அசைஞ்சுது. அறுபது மீட்டர் இருக்கும். ஸ்ப்ரூஸ் கிளைகளுக்கு நடுவுல தலை, கொம்பு, பின்பக்கம் தனியா. முதுகில் பனித்துகள் உருகாம அப்படியே. அது எங்களையே பார்த்துச்சு. அவ துப்பாக்கியைத் தோளுக்கு ஏத்தினா. என் காதுக்குள்ள என் இதயம் டம் டம்னு அடிச்சுது.

எத்தனை செகண்டுன்னு தெரியலை. அவ சுடலை. மான் வெள்ளை வாலைக் கொடி மாதிரி தூக்கிட்டு ஒரே தாவலில் காணாமப் போச்சு.

திரும்பி வர்ற வழியெல்லாம் அவ பேசலை. தாத்தா கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஏன் சுடலை?"

"நெஞ்சு தெரியலை. கிளை மறைச்சுது. அங்கேதான் இருக்கும்னு தெரியும். ஆனா தெரியலை."

தாத்தா தலையாட்டினார். காயம் பட்டு ஓடுற மான் ராத்திரி முழுக்கத் துடிக்கும், மேல பனி விழுந்தா தடமும் மறைஞ்சிடும், யாராலும் கண்டுபிடிக்க முடியாதுன்னு அப்புறம்தான் எனக்கு விளக்கினார். "அப்போ உங்களுக்கு வருத்தமே இல்லையா?"ன்னு நான் சினிமா வசனம் எதிர்பார்த்துக் கேட்டேன். "ஏன் இல்லாம? கறி வேணும்தானே. குளிர்காலம் நீளம்"னார் மனுஷன். ஞாயிற்றுக்கிழமை தாத்தாவால் எழுந்திருக்க முடியலை. சீசன் முடிஞ்சுது. ஃப்ரீஸர் காலியாவே இருந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரர் அவர் அடிச்ச மானில் ஒரு தொடையைக் கொடுத்துட்டுப் போனார்.

நாம எல்லாருமே தடம் பார்க்கிறவங்கதான் ஃப்ரெண்ட்ஸ். ஒரு மெசேஜுக்கு 'ம்'னு பதில் வந்தா அதை வச்சு ஒரு முழுக் காதல் கதை எழுதுறோம். இன்டர்வியூவில் ஒருத்தர் சிரிச்சா வேலை கிடைச்சாச்சுன்னு ட்ரீட் கொடுக்கிறோம். 'அங்கேதான் இருக்கும்'னு தெரியறதுக்கும், நிஜமாவே தெரியறதுக்கும் நடுவுல ஒரு கிளை இருக்கு. காலி ஃப்ரீஸரும் தாத்தாவோட கடைசி சீசனும் ரெண்டு பக்கமும் நின்னு 'அழுத்து, அழுத்து'ன்னப்போ, என் ரூம்மேட் அந்தக் கிளையைப் பார்த்தா. அதைவிடப் பெரிய படிப்பு எந்த யுனிவர்சிட்டியிலும் கிடையாதுன்னு எனக்குத் தோணுது.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. தாத்தா இப்போ வீட்டைச் சுத்தி வாக்கிங் போறார். காடு ஏற டாக்டர் இன்னும் ஓகே சொல்லலை. போன வாரம் போன் பண்ணினப்போ, வர்ற நவம்பருக்கு யார் எங்கே நடக்கணும்னு பிளான் போட்டு வச்சிருக்கிறதாச் சொன்னார். பேத்தி முன்னாடி, அவ பின்னாடி நான், அவர் அடிவாரத்தில் ஃபிளாஸ்க்கோட.

"அந்த ஆரஞ்சு கோட்டை மறக்காம எடுத்துட்டு வா"ன்னு மட்டும் ரெண்டு தடவை சொன்னார்.