திண்டுக்கல் மலையும் பக்கீர்களும்

திண்டுக்கல் மலைக்கோட்டை மீது ஏறி நின்றோம். மேற்கே பழனி மலைத்தொடர். கீழே பூட்டுக்குப் பேர்போன நகரம். பேகம்பூர் மசூதியருகே ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகம் உறங்குகிறார்.

1800-ல் விருப்பாக்ஷி கோபால நாயக்கர் இங்கே பாளையக்காரர்களைத் திரட்டியபோது தென்னாடு இரண்டுபட்டது. எட்டயபுரம் கம்பெனியின் பக்கம் நின்றது. கோயம்புத்தூர்ப் படைவீட்டைத் தாக்க மொகரம் சமயத்தையே புரட்சிக்காரர் தேர்ந்தனர். முயற்சி பலிக்கவில்லை, 42 பேர் தூக்குமேடை ஏறினர். 1801-ல் நாயக்கருக்கும் அதே முடிவு நேர்ந்தது.

1806 ஜூலை 10-ல் வேலூர்ச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். உடனே கம்பெனியார் பக்கீர்கள் மீது சந்தேகம் கொண்டனர். திருவோடன்றி வேறு உடைமையில்லாத அத்துறவிகள் பாசறை தோறும் சென்று சிப்பாய்களின் மனத்தைக் கலைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 1857-லோ மௌல்வி அஹமதுல்லா ஷா அயோத்திச் சீமையில் படையையே நடத்தினார்.

பீரங்கி உடையவர்கள் ஆயுதமற்றவரின் சொல்லுக்கு அஞ்சியது வியப்பன்று. ஆனால் வேலூரில் உறங்கிக்கொண்டிருந்தவர்களும் மாண்டனர். பழிவாங்கலில் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் மடிந்தனர். மக்கள் செவிசாய்க்கும் பெரியோர், எம்மதத்தவராயினும், தம் சொல்லின் விலையை அறிந்தே பேச வேண்டும். பேகம்பூர் வழியே செல்வோர் இதைச் சற்றுச் சிந்திப்பார்களாக!