மினியும் மின்மினியும்



காஹாங் போன்ற சிற்றூரிலும் ‘மினி’ என்னும் சொல்லைக் காணாமல் கடைத்தெருவைக் கடக்க இயலாது. மளிகைக் கடைப் பலகையில் ‘பாசார் மினி’ என்றிருக்கும். 1975 முதல் 1998 வரை கோலாலம்பூரில் ஓடிய ‘பஸ் மினி’யை மறவாதோரும் பலர். எனவே, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி அதை மலாய்ச் சொல் என்றே கருதியதில் வியப்பில்லை. உடனே வகுப்புத் தோழன் ஒருவன் எழுந்து, “இல்லை ஐயா, அது தமிழ்! மின்மினி சிறியது; அதிலிருந்துதான் மினி வந்தது” என்றான். தந்தையின் கைப்பேசிக்கு வந்த செய்தியாம். வகுப்பே கைதட்டியது.

கேட்பதற்கு இனிமைதான். ஆயினும், மின்மினியில் இருப்பது ‘மின்’ என்னும் வேர். ஒளிர்தல் என்பது அதன் பொருள். மின்னலில் இருப்பதும் அதுவே. சிறுமைக்கும் அதற்கும் உறவில்லை.

ஆங்கிலத்து மினி, ‘மினியேச்சர்’ என்பதன் சுருக்கம். அச்சுக்கலை வருமுன் ஐரோப்பாவில் நூல்களைக் கையால் படியெடுத்தோர் தலைப்பெழுத்துகளைச் சிவப்பால் தீட்டினர். அச்சிவப்பு ஈயத்திலிருந்து பெறும் செந்தூரம், இலத்தீனில் ‘மினியம்’. அதனால் தீட்டுவது ‘மினியாரே’. இத்தாலிய மொழியில் ‘மினியத்தூரா’ என்றாகி, ஏட்டில் வரையும் ஓவியத்தைக் குறித்தது. ஏட்டுப் பக்கத்துள் அடங்கும் ஓவியம் சிறிதாகத்தானே இருக்கும்? போதாக்குறைக்கு, இலத்தீனில் ‘மினிமுஸ்’ என்றால் மிகச் சிறியது. ஒலி ஒத்துப்போகவே, நிறத்தைச் சுட்டிய சொல் அளவைச் சுட்டலாயிற்று. ஒலியொப்புமை ஐரோப்பியரையே மயக்கியிருக்கிறது! 1959இல் மினி மகிழுந்து வந்தபின் சொல்லின் சுருங்கிய வடிவம் உலகெங்கும் பரவியது.

இதை மாணவரிடம் சொல்லத்தான் வேண்டுமா என்று உடன்பணியாற்றும் நண்பர் கேட்டார். தமிழ்ப்பற்று குன்றிவிடும் என்பது அவர் கவலை. என் கவலையோ வேறு. நாளை இடைநிலைப்பள்ளியில் அச்சிறுவன் இதையே சொல்வான். யாரேனும் அகராதியைக் காட்டி நகைப்பர். அன்றுமுதல் ‘கட்டமரான்’ நம் கட்டுமரம், ‘செரூட்’ நம் சுருட்டு, ‘மல்லிகட்டானி’ நம் மிளகுத்தண்ணீர் என்று ஆங்கில அகராதிகளே ஒப்புக்கொண்டுள்ள உண்மைகளையும் அவன் நம்பமாட்டான். பொய்ப் பெருமையால் வரும் இழப்பு இதுதான்.

சிறுமையைச் சொல்லத் தமிழில் சொற்களுக்கா பஞ்சம்? எள்ளளவு, தினையளவு, இம்மி. பழங்கணக்கில் முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. (மாணவர்க்குத் தின்னும் முந்திரிதான் தெரியும்.) அதனையும் 320ஆகப் பகுத்தால் கீழ்முந்திரி, அதாவது 102,400இல் ஒரு பங்கு. அடுத்த வாரம் பின்னப் பாடம் வருகிறது. அவ்வகுப்பில் இவ்விரண்டையும் கரும்பலகையில் எழுத எண்ணியுள்ளேன்.