தாழ்த்திய வேனும் தொலைந்த காஸ்டரும்

ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேனின் இரண்டாம் தலைமுறை, 1967 ஆகஸ்டில் ஹனோவர் ஆலையில் தொடங்கி ஜெர்மனியில் 1979 வரை வந்தது. முன்னால் ஒரே வளைந்த கண்ணாடி. ஐரோப்பாவில் இதைப் பழுது பார்த்து வைத்திருப்பவர்கள் பலருக்கும் முதல் ஆசை, மூக்கை இறக்குவது. பார்க்க அழகுதான். இறக்கியதும் வேகச் சாலையில் ஸ்டீயரிங் மிதக்கிறது என்பார்கள். அலைன்மென்ட் கடைக்குப் போவார்கள், டோ-இன் (முன் சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பி நிற்கும் அளவு) சரி செய்வார்கள், மறுநாளும் மிதக்கும். கோளாறு பெரும்பாலும் டோவில் இல்லை, காஸ்டரில்.

காஸ்டர் என்றால், சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அது மேலே பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும் அளவு. கைவிட்டு சைக்கிள் ஓட்ட முடிவதில் முன் ஃபோர்க்கின் சாய்வுக்கும் பங்கு உண்டு. வேனிலும் வேலை அதேதான். இந்த வேனுக்குக் கையேட்டு அளவு 3 டிகிரி, கூடக் குறைய 40 நிமிடம்.

முன்பக்கம் ஸ்பிரிங் சுருள் கிடையாது. குறுக்கே இரண்டு குழாய், உள்ளே தட்டுத் தட்டாய் அடுக்கிய டார்ஷன் பட்டைகள், இரு முனையிலும் பின்நோக்கி நீளும் கைகள். மேல் கையும் கீழ்க் கையும் ஏறத்தாழ இணையாகவே நகர்வதால், சக்கரம் ஏறி இறங்கினாலும் காஸ்டர் அவ்வளவாக மாறுவதில்லை. அப்படியானால் இறக்கும்போது மட்டும் ஏன் போகிறது? உடம்பே முன்னால் குனிகிறது, அதோடு அந்த இரண்டு குழாயும் சேர்ந்த பீமும் குனிகிறது. அவ்வளவுதான் காரணம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அச்சிடைத் தூரம் 2400 மி.மீ. பின்னைத் தொடாமல் முன்னை மட்டும் 50 மி.மீ. இறக்கினால் உடம்பு 1.2 டிகிரி குனியும். மூன்றில் மிச்சம் 1.8. கையேடு அனுமதிக்கும் கடைசி எல்லையோ 2 டிகிரி 20 நிமிடம். 75 மி.மீ. இறக்கினால் மிச்சம் 1.2தான். 25 மி.மீ. வரை மட்டும் எல்லைக்குள், அதுவும் வண்டி முதலில் சரியாக 3 டிகிரியில் இருந்திருந்தால். தட்டையான மூக்கு, எஞ்சின் பின்னால், பக்கக் காற்றுக்கு ஏற்கெனவே ஆடும் வண்டி. இதில் காஸ்டரும் போனால் என்னவாகும்?

பீட்டில் காரில் கீழ்க் குழாய்க்குப் பின்னால் தகடு வைத்து பீமைச் சாய்த்துவிடுவார்கள். வேனில் பீம் சட்டத்தோடு பூட்டப்படும் விதமே வேறு. அந்த வித்தை அப்படியே செல்லாது. ஆலையும் காஸ்டரைத் திருத்த வழி வைக்கவில்லை. நேரான மருந்து, பின்பக்கத்தையும் அதே அளவு இறக்குவது. டார்ஷன் பாரின் பல்வரிசையில் ஸ்பிரிங் தகட்டைக் கழற்றி மாற்றிப் பூட்டும் வேலை. அழுக்கு வேலை, பொறுமை வேண்டும். ஆனால் உடம்பு மட்டமானால் காஸ்டர் தானே திரும்பி வரும்.

எப்படி இறக்குவது என்பதிலும் ஒரு தேர்வு உண்டு. பட்டை அடுக்கை நடுவில் பிடித்திருக்கும் திருகு உள்ள குழாய்ப் பகுதியை வெட்டி, திருப்பக்கூடிய அட்ஜஸ்டர் பற்றவைப்பது ஒரு வழி. அதில் கைகள் மேல்நோக்கித் திரும்பி நிற்கும். பால் ஜாயின்ட்டுக்கு வளைய ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்டினால் இறுகி உடையும். ஷாக் அப்சார்பரும் அடியில் போய் முட்டும். இன்னொன்று, சக்கர அச்சு மேலே தள்ளி வைக்கப்பட்ட ஸ்பிண்டில். கைகள் அசல் இடத்திலேயே நிற்கும். நிறைய இறக்க நினைப்பவருக்கு நான் சொல்வது இதைத்தான், விலை கூடினாலும்.

டை ராடு (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி): அட்ஜஸ்டரில் இறக்கினால் அதன் வெளிமுனை மேலேறிச் சாய்ந்து நிற்கும். அப்புறம் ஒவ்வொரு மேட்டிலும் டோ மாறும். சோதிப்பது எளிது. டோவை அளந்து எழுதிக்கொண்டு, மூக்கில் பாரம் ஏற்றி 25 மி.மீ. அமுக்கி மறுபடி அளக்கவும். 14 அங்குல ரிம்மில் 10 நிமிடம் என்பது ஏறக்குறைய 1 மி.மீ.; நூல் கட்டி அளந்தாலே வித்தியாசம் கண்ணுக்குப் படும்.

வரிசை முக்கியம். முதலில் டயர் காற்று, வழக்கமாக ஏற்றும் சாமான், மட்டமான தரை. தரையை ரசமட்டம் வைத்தே பார்க்கவும், கண்ணை நம்ப வேண்டாம். அடுத்து உயரம், பிறகு காஸ்டர். பிறகு கேம்பர்: மேல் பால் ஜாயின்ட்டில் மையம் விலகிய புஷ் ஒன்று உண்டு, அதைத் திருப்பினால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும். கையேட்டு அளவு 40 நிமிடம், கூடக் குறைய 15. டோ கடைசியில், கேம்பரைத் தொட்டாலே டோ நகர்ந்துவிடும் என்பதால்.

வீட்டிலேயே காஸ்டர் அளக்க: சக்கரத்தை வெளியே 20 டிகிரி திருப்பிக் கேம்பரைக் குறிக்கவும், உள்ளே 20 டிகிரி திருப்பி மறுபடி குறிக்கவும். இரண்டின் வித்தியாசத்தை ஒன்றரையால் பெருக்கினால் காஸ்டர், ஏறக்குறைய. சக்கரத்துக்கு அடியில் கிரீஸ் தடவிய இரண்டு தகடு போட்டால் லேசாகத் திரும்பும்.

ஜெர்மனியில் இப்படி மாற்றிய வண்டியைப் பரிசோதகரிடம் காட்டி ஆவணத்தில் பதிவு செய்தாக வேண்டும். நல்ல சட்டம். இறக்கியவர் கண்ணுக்குத் தப்பியதை இன்னொருவர் கண் பார்க்கும்.

அலைன்மென்ட் கடையில் டோ மட்டும் எழுதிய சீட்டைக் கொடுத்தால் வாங்காதீர்கள். இடது, வலது இரண்டு பக்கக் காஸ்டர் எண்ணையும் கேட்டு வாங்குங்கள், முடிந்தால் வண்டியை இறக்கும் முன்பே ஒரு தடவை.